தேடத் தெரிந்த கல்வி

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை அதன் நூலகத்திலுள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது நெடுநாளைய வழக்கம். நூல்கள் பல்லாயிரம் இருப்பது பெருமைக்குரியதே. எனினும், அடுக்குகளில் நூல்கள் நிறைந்திருந்தும், தனக்கு வேண்டிய ஒரு செய்தியை எந்நூலில், எவ்வழியில் தேடுவது என்பதை அறியாத மாணவனுக்கு அந்நூலகம் பூட்டிய வீடே ஆகும். வேண்டிய செய்தி யாது என உணர்தல், அதனைத் தேடிக் கண்டறிதல், கண்டதன் மெய்ம்மையை ஆராய்தல், ஆராய்ந்ததை முறையாகப் பயன்படுத்தல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த ஆற்றலைத் ‘தகவல் அறிதிறன்’ என்பர் நூலகவியலார். இப்பெயர் அண்மைக் காலத்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி என்பவரே இதனை முதன்முதலில் வழங்கினார். ஆயின், பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே அவ்வாற்றலை மாணவர்க்கு ஊட்டும் முயற்சி பல்கலைக்கழக நூலகங்களில் தோன்றிவிட்டது. அம்முயற்சியின் வரலாற்றில் தமிழர்க்கும், சிறப்பாக மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கும் உரிய பங்கு உண்டு.

காவலும் கல்வியும்

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. கையால் எழுதப்பெற்ற நூல் அரிய பொருள். அதனைக் காப்பதே நூலகரின் முதற் கடமை எனக் கருதப்பட்டது. அச்சுக்கலை வளர்ந்து நூல்கள் பெருகிய பின்னரும் அம்மனப்பான்மை எளிதில் மாறவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூலகராக இருந்த சிப்லி என்பவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் அவர் மிக்க மகிழ்ச்சியோடு சென்றுகொண்டிருந்தாராம். காரணம் கேட்டபோது, நூலகத்து நூல்கள் யாவும் தத்தம் இடத்தில் இருக்கின்றன என்றும், இரண்டு மட்டும் ஒரு பேராசிரியரிடம் இருக்கின்றன என்றும், அவற்றை மீட்டு வரவே தாம் போய்க்கொண்டிருப்பதாகவும் கூறினாராம். கதை உண்மையோ புனைவோ, அக்காலத்து நூலகங்களின் நோக்கை அது நன்கு புலப்படுத்துகிறது.

அதே ஹார்வர்டில் 1877ஆம் ஆண்டு நூலகராகப் பொறுப்பேற்ற ஜஸ்டின் வின்சர், நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்னும் கொள்கையுடையவர். மாணவர்கள் நூல்களை அணுகுவதற்கு இருந்த தடைகளை அவர் தளர்த்தினார். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் நூலகராகவும் ஒருசேரப் பணியாற்றிய ஓட்டிஸ் ராபின்சன், மாணவர்களுக்கு நூல்களைத் தேர்ந்து பயன்படுத்தும் முறையைக் கற்பித்தலும் நூலகரின் கடமையே என வலியுறுத்தினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டேவிஸ் 1880ஆம் ஆண்டையொட்டி நூல்விவரணம் பற்றிய விரிவுரைகளைத் தொடங்கினார். நாளடைவில் அது மாணவர்கள் மதிப்பெண் பெறத்தக்க தனிப்பாடமாகவே உயர்ந்தது.

இம்மாற்றம் நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை கல்லூரிக் கல்வி என்பது ஒரு பாடநூலை மனப்பாடம் செய்து ஆசிரியர் முன் ஒப்புவித்தலாகவே இருந்தது. ஒரே நூலைப் படிக்கும் மாணவனுக்கு நூலகம் எதற்கு? ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி, மூலச் சான்றுகளை மாணவனே ஆராய்ந்து கட்டுரை எழுதும் கருத்தரங்க முறை அமெரிக்காவிற்கு வந்தது. அம்முறையைத் தன் அடிப்படையாகக் கொண்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1876இல் தொடங்கியது. சான்று தேட வேண்டிய நிலை வந்தபோதுதான் தேடும் முறையைக் கற்பிக்க வேண்டிய நிலையும் வந்தது. கற்பிக்கும் முறை மாறாத இடத்தில் நூலகப் பயிற்சி வேரூன்றுவதில்லை என்னும் உண்மையை இவ்வரலாறு தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது.

சென்னையில் ஒரு கணித ஆசிரியர்

ராபின்சனைப் போலவே கணிதம் கற்பித்து, பின்னர் நூலகப் பணிக்கு வந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் சூழ்ந்த வகுப்பறையில் இருந்து பழகியவருக்கு ஆளரவமற்ற அப்பணி தொடக்கத்தில் உவப்பாக இல்லை. மீண்டும் கல்லூரிக்கே திரும்பிவிட விழைந்தார். எனினும் அவ்வாண்டே பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பயின்று, அந்நாட்டின் நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டபோது அவருடைய எண்ணம் மாறியது. எளிய மக்களும் நூலகத்தைத் தம் உடைமையாகக் கொண்டு பயன்படுத்தும் காட்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1925இல் தாயகம் திரும்பியவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தார்.

1931இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவரது நூல் உலகப் புகழ்பெற்றது. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே அவ்விதிகளின் சாரம். கேட்பதற்கு மிக எளியனவாகத் தோன்றும் இவை, நூலகரைக் காவலர் என்னும் நிலையிலிருந்து வழிகாட்டி என்னும் நிலைக்கு உயர்த்திவிட்டன. நூல் தன் வாசகரை அடைய வேண்டுமாயின், வாசகருக்கு நூலை அடையும் வழி தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

அவ்வழியைக் கற்பித்தல் குறித்தும் அரங்கநாதன் தெளிவாகச் சிந்தித்தார். உசாத்துணைப் பணி பற்றி 1940இல் வெளிவந்த நூலில், பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களை நூலகத்திற்கு அறிமுகப்படுத்துதலை நூலகரின் பணிகளுள் ஒன்றாக வகுத்துக் காட்டினார். பட்டியல் எவ்வாறு அமைந்துள்ளது, நூல்கள் எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன, உசாத்துணை நூல்களை எவ்வாறு புரட்டுவது என்பனவற்றை மாணவனுக்குக் கூறாமல், அவன் நூலகத்திற்கு வருவதில்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையும் இந்நோக்கத்தின் வேறொரு முகமே எனலாம். பொருள்களுக்கிடையே உள்ள உறவு அடுக்கிலேயே புலப்படுமாறு நூல்களை வைத்தால், தேடும் செயலே கற்கும் செயலாகிவிடுகிறது.

மலாயாவில் தமிழ் நூலகம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. அங்கு இந்திய இயல் துறை 1956இல் நிறுவப்பட்டது. அத்துறையில் தமிழுக்குத் தக்க இடம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுள் முன்னின்றவர் ‘தமிழ் முரசு’ நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் அவர் தொடங்கிய நிதித் திரட்டு, பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கும் தமிழ் நூல்களுக்கும் பொருள் சேர்க்கும் இயக்கமாக நாடெங்கும் பரவியது. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத தொழிலாளர்களும் தம் உழைப்பின் ஊதியத்திலிருந்து அதற்கு ஈந்தனர். உலகின் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் அரசின் மானியத்தாலோ செல்வரின் கொடையாலோ எழுந்தவை. பாமர மக்களின் காசினாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் தொகுதி வளர்ந்தது என்பது இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தியாகும்.

நூல்கள் வந்தன. அவற்றைப் பயன்படுத்தும் வழிகள் அமைய வேண்டும் அன்றோ? அப்பணியில் இருவர் ஆற்றிய தொண்டு குறிப்பிடத்தக்கது. இந்திய இயல் துறை கோலாலம்பூர் வளாகத்திற்கு மாறிய பின்னர், 1961இல் அதன் தலைவராக வந்தவர் தனிநாயக அடிகளார். 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெறக் காரணராக இருந்தவர் என்னும் அளவிலேயே அவரைப் பலரும் அறிவர். அதே ஆண்டில் அவர் தொகுத்த தமிழியல் உசாத்துணை வழிகாட்டி ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. தமிழாய்வில் இறங்கும் மாணவன் எப்பொருளுக்கு எந்நூலை நாடுவது என்று திகைத்து நில்லாதவாறு அது வழிகாட்டியது. மாநாட்டின் ஆரவாரம் அடங்கிய பின்னரும் மாணவனுக்குப் பயன்படக்கூடியது அத்தகைய வழிகாட்டியே.

தேடும் ஆற்றல் எத்தகைய பயன் தரும் என்பதற்கு அடிகளாரின் வாழ்விலேயே சான்று உண்டு. அந்தாவ் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியத் துறவி தொகுத்த தமிழ்ப் போர்த்துக்கீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்றது. காலப்போக்கில் தமிழுலகம் அதனை மறந்தேபோயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கண்டறிந்த அடிகளார், 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அந்நூல் எங்கோ தொலைந்துபோன நூலன்று. ஒரு நூலகத்தில், முறையாக, பத்திரமாக இருந்த நூலே. தேடுவார் இன்மையால் அது இல்லாததாயிற்று. தேடுவார் ஒருவர் வந்தபோது அது மீண்டும் உளதாயிற்று. தமிழில் 1578இல் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலின் படி, முன்னர்க் கூறிய ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்திலேயே இருப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இரண்டாமவர் இராம சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்து அவர் உருவாக்கிய ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. இந்நாடுகளில் தமிழ் இலக்கியம் உண்டா என்று ஐயுற்றோர்க்கு அப்பட்டியலே விடையாயிற்று. ஒரு சமுதாயம் எழுதியவற்றுக்குப் பட்டியல் இல்லையெனின், அது எழுதவே இல்லை என்று பிறர் கூறுவதை மறுக்க வழியில்லை. பட்டியலிடுதல் நூலகத்துக்குள் அடங்கிய அலுவல் என்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பாடத்தோடு இணைந்த பயிற்சி

மலாயாவில் இம்முயற்சிகள் நடந்த அதே காலத்தில், அமெரிக்காவில் வேறொரு சோதனை நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரில் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் 1960 முதல் 1962 வரை பெட்ரிசியா நேப் என்னும் நூலகர் அதனை நடத்தினார். கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்களை ஒருமுறை நூலகத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடும் வழக்கம் போதாது என அவர் கருதினார். ஆசிரியரும் நூலகரும் கூடி, பாடத்தின் உள்ளிருந்தே எழும் பயிற்சிகளை வகுத்தனர். தேடாமல் விடை எழுத இயலாத வகையில் அப்பயிற்சிகள் அமைந்தன. மாணவரைவிட ஆசிரியரின் ஒத்துழைப்பைப் பெறுவதே கடினமாக இருந்தது என்பது அச்சோதனையில் கிடைத்த படிப்பினைகளுள் ஒன்று. இந்தியானா மாநிலத்தின் ஏர்ல்ஹாம் கல்லூரியில் 1962இல் நூலகராக அமர்ந்த ஈவன் ஃபார்பர், அதே கொள்கையைப் பல்லாண்டுகள் நிலைபெறச் செய்து காட்டினார்.

இவ்வனுபவங்களின் மீதே பிற்காலக் கொள்கைகள் எழுந்தன. 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று, தகவல் அறிதிறன் உடையவர் யார் என்பதற்கு இலக்கணம் வகுத்தது. கற்பது எப்படி என்பதைக் கற்றவரே அத்திறன் உடையவர் என்பது அதன் கருத்து. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் உயர்கல்விக்குரிய தர அளவைகளை வெளியிட்டது. 2003இல் பிராக் நகரிலும் 2005இல் அலெக்சாந்திரியாவிலும் வெளியிடப்பட்ட அறிக்கைகள், வாழ்நாள் முழுதும் கற்பதற்கு இத்திறன் இன்றியமையாதது என உலகிற்கு எடுத்துரைத்தன. பழைய தர அளவைகளுக்கு மாற்றாக 2015இல் ஒரு புதிய கட்டமைப்பு உருவாயிற்று. ஒரு செய்திக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதனை உருவாக்கியவர் யார், எந்நோக்கத்தோடு உருவாக்கினார் என்று வினவும் மனப்பாங்கை அது முதன்மையாகக் கொள்கிறது. நூலைக் கண்டெடுத்தலோடு நில்லாமல், கண்டெடுத்ததை ஐயுற்று ஆராய்தலும் கல்வியின் கூறாயிற்று.

தமிழ் மாணவர்க்குரிய சிக்கல்கள்

இக்கொள்கைகள் யாவும் ஆங்கில நூல்களை மனத்தில் கொண்டு எழுந்தவை. தமிழில் தேடுவோர்க்குத் தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, எழுத்துப் பெயர்ப்பு. உலகின் பெரிய நூலகங்கள் பலவும் தமிழ் நூற்பெயர்களை உரோமன் எழுத்தில் பெயர்த்தே பட்டியலிட்டு வந்துள்ளன. பல நூலகங்கள் மேற்கொண்ட முறைப்படி லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றும் ஒரே உரோமன் எழுத்தால் குறிக்கப்பெறும். அதன் அடியிலிடும் புள்ளியாலும் கோட்டாலுமே வேறுபடும். நாள்தோறும் தமிழர் ழகரத்திற்கு வழங்கும் இரட்டை எழுத்துக் கூட்டு அம்முறையில் இல்லை. ஆகவே, தன் மொழியின் பெயரையே தான் வழக்கமாக எழுதும் கூட்டில் தட்டெழுதித் தேடும் மாணவன், அவ்வாறமைந்த பட்டியலில் ஒன்றும் காணாது திரும்பக்கூடும். நூல் இல்லை என்று அவன் முடிவு செய்வான். நூலோ அடுக்கிலேயே இருக்கும்.

இரண்டாவது, ஆசிரியர் பெயர். மேலை நாட்டினர் குடும்பப் பெயரை முதலில் வைத்துப் பட்டியலிடுவர். தமிழர்க்கோ பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. இதனை உணராத இடங்களில் தந்தையின் பெயரில் மகனின் நூல் பதிவாகிவிடுவதுண்டு. மேலும், வேதாசலம் என்னும் பெயரில் எழுதியவரும் மறைமலையடிகள் என்னும் பெயரில் எழுதியவரும் ஒருவரே. சூரியநாராயண சாத்திரியாரே பரிதிமாற் கலைஞர். இதனை அறியாதவன் ஓர் ஆசிரியரின் நூல்களில் பாதியைத் தவறவிடுவான். புனைபெயர்கள் மலிந்த மலேசிய, சிங்கப்பூர் இலக்கிய உலகில் இச்சிக்கல் இன்னும் மிகுதி.

மூன்றாவது, காலம். பழந்தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். ‘பிரபவ’ என்று மட்டும் அச்சிட்ட நூல் 1867ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். 1927ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், தாளின் தன்மை, எழுத்தின் வடிவம், முன்னுரையில் குறிக்கப்பெறும் மாந்தர் ஆகியவற்றைக் கொண்டே எந்த ஆண்டெனத் துணிய வேண்டும். அறுபதாண்டுப் பிழை ஓர் ஆய்வேட்டின் முடிவையே தலைகீழாக்கிவிடும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அச்சேறிய நூல்களின் பழைய ணை, லை, னா போன்ற வடிவங்களைப் படிக்கத் தெரிந்திருப்பதும் இப்பயிற்சியின் பகுதியே.

கணினி வந்தபின் இச்சிக்கல்கள் ஒழிந்தன எனக் கருதுவது பிழை. இன்று ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் காணலாம். அந்நாட்டு விடுதலைக்குப் பிந்திய ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களின் மின்மரபுடைமைத் தொகுப்பும் 2015இல் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. இவை பெரும்பேறு. ஆயினும், ஒரு சொல்லைத் தட்டியவுடன் ஓராயிரம் விடைகள் வந்து குவியும் காலத்தில், அவற்றுள் எது மூலம், எது அதன் நகல், எது ஆதாரமற்ற கூற்று எனப் பகுத்தறிவது முன்னினும் கடினமாயிற்று. அன்று மாணவனின் இடர் நூல் கிட்டாமை. இன்று அவனது இடர் கிட்டியவை யாவும் மெய்யெனக் கொள்ளுதல்.

ஆசிரியரின் பொறுப்பு

இந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு தமிழாசிரியர்க்கு உணர்த்துவது யாது? மாணவன் பல்கலைக்கழகத்தில் கால்வைக்கும் நாளில் தொடங்கும் பயிற்சி மிகவும் பிந்தியது. ஒரு செய்தியை எழுதும்போது அது எங்கிருந்து கிடைத்தது என்று கூறும் பழக்கம் பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும். பிறர் எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் தன்னதாக எழுதுவது பிழை என்பதை முதற் கட்டுரையிலேயே உணர்த்த வேண்டும். ‘தைப்பூசம்’ பற்றிக் கட்டுரை வரைக என்று பணிப்பதோடு, தம் ஊர்க் கோயிலில் அவ்விழா எப்போது தொடங்கியது என்பதைப் பழைய நாளிதழ், விழா மலர், ஊர் முதியோர் ஆகிய மூன்று வாயில்களிலும் கேட்டறிந்து, அவை தம்முள் முரண்பட்டால் எதனை ஏற்பது என்று காரணத்தோடு எழுதுக என்று பணித்தால், மாணவன் தேடவும் கற்பான். தேடியதை எடைபோடவும் கற்பான். மான்டீத் கல்லூரியின் படிப்பினையும் அதுவே.

இதில் அடங்கியுள்ள நலன் தேர்வில் பெறும் மதிப்பெண்ணோடு நிற்பதன்று. இந்நாடுகளின் தமிழர் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் எழுதப்பெறவில்லை. தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றோடு இயங்கிய தமிழ்ப் பள்ளிகள் சிலவும் மறைந்தன. அவற்றைப் பற்றிய குறிப்புகள் பழைய இதழ்களிலும், சங்க ஆண்டறிக்கைகளிலும், நிருவாகக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடத் தெரிந்த தலைமுறை எழாவிடின், பிறர் தம் நோக்கில் எழுதிவைத்ததே தமிழர் வரலாறாக நிலைத்துவிடும்.

தமிழ் எங்கள் உயிர் நிதிக்குக் காசு கொடுத்த தொழிலாளருள் பலர் தாம் வாங்கித் தந்த நூல்களைக் கண்ணால் கண்டிலர். கண்டிருப்பினும் படித்தறியும் வாய்ப்பு எல்லார்க்கும் இருந்ததன்று. தம் மக்களும் மக்களின் மக்களும் படிப்பர் என்ற நம்பிக்கையிலேயே கொடுத்தனர். அந்நூல்களுள் எவரும் தேடி எடுக்காத ஒன்று அடுக்கில் தூசி படிந்து கிடக்குமாயின், அக்கொடை இன்னும் முழுமை பெறவில்லை என்பதே பொருள். அதனை முழுமை பெறச் செய்யும் கடன் இன்றைய ஆசிரியரையும் மாணவரையும் சார்ந்தது.